கைராசிக்காரியின் இடது கை

மாசி 12

இது இடது கை. எழுத்து இப்படித்தான் இருக்கும்.

மாசி 13

கோழிக் கிறுக்கல் என்று பக்கத்துக் கட்டில் அமிர்தவல்லி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்கு எழுதவே தெரியாது.

மாசி 15

இல்லாத விரலில் அரிக்கிறது. சொறிய இடம் இல்லை. நர்ஸ் பிள்ளையிடம் சொன்னேன். "அப்படித்தான் இருக்கும்மா, மூளைக்கு இன்னும் தெரியல" என்றாள். என் மூளைக்கு எதுவுமே சட்டென்று தெரியாது என்று எங்கள் வீட்டுக்காரர் எப்போதும் சொல்வார். இப்போது நர்ஸ் வாயாலேயே கேட்டுவிட்டார். சிரிப்பார் என்று பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த நோட்டைக் கொடுத்தது பயிற்சி கொடுக்க வரும் டாக்டரம்மா. தினம் இடது கையால் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுத என்ன இருக்கிறது என்றேன். "இன்னைக்கு என்ன கொழம்புன்னாவது எழுதுங்க" என்றார். பத்தாவது வரை படித்தவள் நான். குழம்பு மட்டும் எழுதினால் எங்கள் தமிழ் வாத்தியாருக்கு அவமானம்.

ஆனாலும் எழுதிவிடுகிறேன். இன்று ரசம்.

மாசி 17

அமிர்தவல்லி பருத்தி எடுக்கப் போன பெண். ஒரே லோடு வண்டியில் ஆட்களை நெல் மூட்டை மாதிரி அடைத்துக்கொண்டு போனார்களாம். பாலத்துத் திருப்பத்தில் வண்டி கவிழ்ந்துவிட்டது. இவளுக்கு இரண்டு காலும் போச்சு. கைகள் நன்றாக இருக்கின்றன. எனக்குத் தலை சீவிப் பின்னி விடுகிறாள். நான் அவள் கட்டிலுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

"ஒங்காலும் எங்கையும் சேத்தா ஒரு முழு ஆளு. அரைச் சம்பளம் குடுக்க முடியாதுடி" என்றாள். வார்டே சிரித்தது.

மாசி 21

அமிர்தவல்லிக்குக் காய்ச்சல்.

மாசி 23

அமிர்தவல்லி விடியும்போது போய்விட்டாள். நேற்று அவள் பின்னிய சடை அப்படியே இருக்கிறது. அவிழ்க்கவில்லை.

பங்குனி 2

வீட்டுக்கு வந்துவிட்டேன். நம் வீட்டு வேப்பமரக் காற்றுக்கு ஈடு கிடையாது. ஆடுகள் என்னை அடையாளம் கண்டுகொண்டன. ஒரு குட்டி மட்டும் கட்டுப் போட்ட கையை முகர்ந்து பார்த்துத் தும்மியது.

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பக்கத்து வீட்டுப் பவுனாம்பாள் வாசலிலேயே நின்று யாரையும் ரொம்ப நேரம் உட்காரவிடாமல் கிளப்பிவிடுகிறாள். "அக்கா தூங்கணும், கெளம்புங்க." நான் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருக்கிறேன். திருப்பூரிலிருந்து மகள் வந்து நாலு நாள் இருந்தாள். நாலு நாளும் அழுதாள். அவளை ஆறுதல்படுத்தி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

வராதவர் மருதைமுத்து மாமா ஒருவர்தான். எங்கள் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. அவர் சோளக்காட்டில்தான் எனக்கு இது நடந்தது. ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்தான் என்று சொல்கிறார்கள், எனக்கு நினைவில்லை. அவர் வீட்டு அத்தை தனக்கொடி தினமும் பால் கொண்டுவந்து வைக்கிறார். முட்டையும் வருகிறது. மாமா மட்டும் வருவதில்லை.

கையில்லாதவள் முகத்தில் விழித்தால் ஆகாது என்று நினைக்கிறார் போல. நினைத்துக்கொள்ளட்டும். முட்டை நன்றாக இருக்கிறது.

பங்குனி 11

எங்கள் வீட்டுக்காரர் எனக்குத் தலை பின்னி விடுகிறார். ஆட்டுக்குக் கயிறு திரிக்கிற கை. சடை நிமிர்ந்து நிற்கிறது. பவுனு பார்த்துவிட்டு, "அண்ணே, முளைக்குச்சி அடிச்சிக் கட்டிருங்க, ஓடிறப் போவுது" என்றாள்.

சித்திரை 6

ஒரு கண்டுபிடிப்பு. கத்தியால் காய் நறுக்க இரண்டு கை வேண்டும். அரிவாள்மனைக்கு ஒன்று போதும். காலால் அமுக்கிக்கொண்டு, ஒரு கையால் கத்தரிக்காயைத் தள்ளினால் அது பாட்டுக்கு நறுக்குகிறது. மாமியார் காலத்து அரிவாள்மனையைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, துரு தேய்த்து, இன்று நானே குழம்பு வைத்தேன்.

அவர் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார். இத்தனை நாள் அவர் சமையலை அவரே சாப்பிட்டதற்கு இது தண்டனைக் குறைப்பு.

வைகாசி 9

பவுனு அண்ணன் மகன் கல்யாணம். நான் போகவில்லை. சளி பிடித்திருந்தது.

அவர் எனக்கு இலைச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிவந்தார். பந்தியில் என்றால் நாலு பேர் பார்ப்பார்கள். இடது கையால் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கிறதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்? எனக்கே பிடிக்கவில்லை. அடுப்பங்கரையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன். அவரும் வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பார்த்தவர்கள் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அப்போது அவர்மேல் எனக்கு ரொம்பப் பிரியமாக இருந்தது.

வடை அருமை. சளி ஒன்றும் இல்லை.

ஆனி 14

இன்று என்னோடு காட்டு வேலைக்கு வரும் செட்டுப் பெண்களை எல்லாம் வரச் சொன்னேன். வேலைக்குப் போகும்போது புடவைக்கு மேலே போடுகிற சட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எல்லாம் வீட்டுக்காரர்களின் பழைய முழுக்கைச் சட்டைதான். கொண்டுவந்து குவித்தார்கள். ஒவ்வொன்றாகக் காலால் மிதித்துப் பிடித்து, இடது கையால் கத்திரி போட்டு, முழங்கைக்கு மேலே கையை வெட்டி எடுத்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது.

"சோளச் சொணை அரிக்குமேக்கா" என்று பவுனு முகத்தைச் சுளித்தாள்.

"அரிச்சா சொறிஞ்சிக்க. சொறிய வெரலு இருக்குல்ல" என்றேன்.

பவுனுவே அடுத்த சட்டையை எடுத்து நீட்டினாள்.

ஆடி 18

எல்லாக் காட்டிலும் உழவு நடக்கிறது. தெருவில் டிராக்டர் போகும்போது எனக்குத் திடீர் திடீரென்று உள்ளே வேலை வந்துவிடுகிறது. பாலைப் பார்க்கப் போவேன். இன்று பால் இல்லாத அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, எழுதிவிடுகிறேன். ஒருமுறை எழுதினால் போதும்.

என் பேர் கொளஞ்சி. ஊரில் கைராசிக்காரி என்பார்கள். கல்யாணமாகி வந்த வருஷம் விளையாட்டாக ஒரு காட்டில் முதல் விதை போட்டேன். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. மழைக்கு யாரும் பேர் வைக்கவில்லை, என் கைக்கு வைத்துவிட்டார்கள். அதிலிருந்து யார் விதைத்தாலும், "மொத வெதய கொளஞ்சி போடட்டும்" என்று கூப்பிட வந்துவிடுவார்கள். குளித்து, நல்ல புடவை கட்டி, வலது கையில் விதை எடுத்து, கிழக்கே பார்த்துப் போடுவேன். அப்புறம்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். களத்தில் சோளம் அடிக்கும்போதும் அப்படித்தான். மிஷினுக்குள் முதல் கூடைக் கதிரை நான் கொட்ட வேண்டும்.

தை கடைசியில் மருதைமுத்து மாமா களத்தில் சோளம் அடித்தார்கள். மிஷின் வெளியூர்க்காரனுடையது, டிராக்டரில் மாட்டி ஓட்டுவது. அதன் வாய்க்கு ஒரு மூடி உண்டு. மூடி இருந்தால் கூடை கூடையாகக் கொட்ட முடியாது, வேலை மெதுவாகும் என்று அவன் கழற்றி வைத்திருந்தான். முதல் கூடையைக் கொட்டினேன். ஒரு கதிர் குறுக்கே சிக்கியது. லேசாகத் தள்ளினேன். கதிரை இழுத்த வேகத்தில் சட்டைக் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. முழுக்கைச் சட்டை, பொத்தான் போட்டது. பொத்தான் அறவில்லை.

அவ்வளவுதான். அந்த மிஷின்காரன் சாயங்காலமே மிஷினைக் கழுவிக்கொண்டு போய்விட்டானாம்.

இன்று பதினெட்டாம் பெருக்குக்குக் கலந்த சாதம் மூன்று வகை செய்தேன். எலுமிச்சையில் உப்புக் கொஞ்சம் தூக்கல்.

ஆவணி 20

நல்ல மழை. ஆடுகள் நனைந்துவிட்டன. அவரும் நனைந்துவிட்டார். ஆடுகளை முதலில் துவட்டினேன். கோபித்துக்கொண்டார்.

ஆவணி 23

கீழத்தெருக்காரர்கள் காட்டில் விதைப்பு ஆரம்பித்துவிட்டது. காலையில் எழுந்து குளித்து, நீலக் கரைப் புடவை கட்டிக்கொண்டேன். சும்மாதான். மடித்து மடித்து வைத்தால் பூச்சி அரித்துவிடும்.

முதல் விதை போடப் பவுனுவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நல்லதுதான். பவுனுவும் நல்ல கை.

ஆவணி 25

மேட்டுக்காட்டிலும் பவுனுதான். சாயங்காலம் வந்து, "நான் போவ மாட்டேன்னுதான்க்கா சொன்னேன்" என்று என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "போடி லூசு, போயி நல்லாப் போடு" என்று அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனாள்.

இடது கையால் விதை போடக்கூடாது என்று யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். யாரும் சொல்லவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

ஆவணி 28

புடவையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

புரட்டாசி 2

ஊரில் எல்லாக் காடும் விதைத்தாகிவிட்டது. மருதைமுத்து மாமா காடு மட்டும் உழுத மண்ணாகவே கிடக்கிறது. மனுஷனுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. மழை பெய்து ஈரம் இருக்கும்போது விதைத்தால்தான் முளைக்கும். மானாவாரிக்காரர் ஒருத்தருக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்?

புரட்டாசி 4

தனக்கொடி அத்தை முட்டை கொண்டுவந்தார். முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

"கேட்டா பாப்போம் பாப்போம்ங்குறாரு. என்னாத்தப் பாக்குறாருன்னு தெரியல. பவுனாம்பாளக் கூப்புட்டு மொத வெதயப் போடலாமேன்னு நேத்து ஒரு வார்த்த சொன்னேன். தின்ன சோத்துல கையக் கழுவிட்டு எழுந்துரிச்சிப் போயிட்டாரு."

"ஒங்கள இங்க மாமா அனுப்புனாரா அத்த?"

"ஒம் பேர எடுத்தாலே பேச மாட்டேங்குறாரு."

என் பேரை எடுத்தாலே ஆகவில்லை. சரி. பவுனுவையும் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை. அவரே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முட்டையை அவருக்கே திருப்பிக் கொடுத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். அத்தை என்ன பாவம் செய்தார். வாங்கிக்கொண்டேன். இன்று பூராவும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. ஆட்டைத் திட்டினேன்.

புரட்டாசி 7

இன்று நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுதுவேன்.

காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. இன்னும் இரண்டு வெயில் இப்படிக் காய்ந்தால் காட்டு ஈரம் ஓடிவிடும். அவர் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டே, ஆட்டிடம் சொல்வது மாதிரி சொன்னார். "சித்தப்பா காட்ல ஏரு வந்து நிக்குதாம். பொம்பளையாளும் வந்து நிக்குதாம். எவரு மொதல்ல எறங்குறதுன்னு தெரியாம எல்லாம் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குதாம்."

"எனக்கென்ன" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணுமில்ல. ஆட்டுக்கிட்டத்தான் சொன்னேன்."

குளித்தேன். நீலக் கரைப் புடவை. மேலே அவருடைய அரைக்கைச் சட்டை. சடையை அவர் பின்னி விட்டார். இப்போது ஓரளவு படிந்து தொங்குகிறது.

காட்டுக்குப் போனால் அவர் சொன்னது உண்மைதான். மாடுகள் நுகத்தோடு நிற்கின்றன. பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மருதைமுத்து மாமா நடுக்காட்டில் விதைக்கூடையை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். அவரை நான் பார்த்தே அத்தனை மாதம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னா மாமா, ஊரே வெதச்சி முடிச்சிருச்சி. நீங்க காட்ட வெச்சி அழகு பாக்குறீங்களா?"

மாமா குனிந்து விதையைக் கிளறினார்.

"எங்கையி ஆவாதுன்னா வாயத் தொறந்து சொல்லிருங்க. நான் போயி ஆட்டுக்குத் தழ ஒடிக்கிறேன்."

சட்டென்று திரும்பினார். "ஆவாதுன்னு எவன் சொன்னான்?"

"பின்ன ஏன் கூப்புடல?"

அவர் கூடையைப் பார்த்தார். மாடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எப்புடிக் கூப்புடுவேன் ஆயி? அன்னிக்கு நீ பாட்டுக்கு ஒரு ஓரமா ஒக்காந்து கருது உரிச்சிக்கிட்டு இருந்த. நாந்தான் கூப்புட்டேன். கொளஞ்சி வா, மொத கூடய நீ கொட்டுன்னு இந்த வாயாலதான் கூப்புட்டேன். கூப்புட்ட சத்தம் அடங்கல, அதுக்குள்ள... மறுபடியும் எந்த வாயால கூப்புடுவேன்? ஒன்னயத் தவுத்து வேற ஆளக் கூப்புடவும் மனசு வரல. காடு கெடந்து காஞ்சா காயட்டும்னு விட்டுட்டேன்."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் வரவில்லை என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். இந்த மனுஷன் தன் வாயையே தண்டித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அழுதேன் என்றே எழுதுகிறேன். மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்.

"கூப்புட்டது நீங்க. கைய இழுத்தது மிஷினு. மூடியக் கழட்டி வெச்சது மிஷின்காரன். இது மூணையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதீங்க மாமா. என்னயக் கூப்புட்டது ஒரு தப்பா? நான் கெடக்குற இந்த ஊர்ல என்னய மதிச்சிக் கூப்புட்டதே அதுக்குத்தான்."

அவர் துண்டை எடுக்கவில்லை.

"தையில கருது அடிக்கையிலயும் கூப்புடுங்க. வருவேன். மூடி போட்ட மிஷினாப் பாத்துப் புடிங்க. மூடி இல்லாம ஒண்ணு களத்துக்குள்ள வந்துச்சின்னா, மொத கூட கெடயாது, மொத கல்லுதான் போடுவேன்."

பவுனுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"இப்ப நான் வரப்புலதான் நிக்கிறேன். நானா எறங்க மாட்டேன். நீங்க கூப்புட்டாத்தான் எறங்குவேன்."

நின்றேன். அவரும் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மாடு சாணி போட்டது. அவர் கூப்பிடாமல் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு திரும்பிப் போவது என்று பயமாக இருந்தது. இந்தக் கை போனபோதுகூட அவ்வளவு பயப்பட்டேனா தெரியவில்லை.

"கூப்புடுங்க பெரியப்பா, ஈரம் ஓடுது" என்றாள் பவுனு.

மாமா துண்டை இறக்கி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்கினார். மறுபடி திறந்தார்.

"கொளஞ்சி..." என்றார். குரல் உடைந்துவிட்டது. பிறகு, ஏதோ நான் பக்கத்து ஊரில் நிற்கிறேன் என்பது மாதிரி, காடே அதிர ஒரு சத்தம் போட்டார். "ஆயி கொளஞ்சி! எறங்கு ஆயி! மொத வெதயப் போடு!"

மாடுகள் மிரண்டு ஓரடி நகர்ந்தன. நான் இறங்கினேன்.

விதைக்கூடையை வலது முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டேன். கூடை மாட்ட அது போதும், நன்றாகவே உட்கார்ந்தது. இடது கையை விட்டு விதை அள்ளினேன். கிழக்கே பார்த்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதமாட்டேன். குனிந்து உழவுச் சாலில் விட்டேன். வலது கை என்றால் எண்ணி எண்ணி விடும். இந்தக் கைக்கு இன்னும் கணக்குத் தெரியவில்லை, ஓர் இடத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டது. "அந்த எடத்துல சோளமில்ல, காடே மொளைக்கும்" என்று பவுனு கத்தினாள். குதிகாலால் மண்ணைத் தள்ளி மூடினேன். பின்னாலேயே பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள்.

வழக்கமாக முதல் விதை போட்டதும் என் வேலை முடிந்துவிடும், ஓரமாகப் போய் உட்கார வேண்டியதுதான். மாமா உட்கார விடவில்லை. அடுத்த சாலுக்கும் கூப்பிட்டார். அதற்கடுத்ததுக்கும் கூப்பிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூப்பிட்டார். மேகம் கூடுகிறதா என்று பார்க்கக் கூப்பிட்டார். ஒன்றுமே இல்லாமல் ஒருமுறை "கொளஞ்சி" என்று கூப்பிட்டு, நான் பக்கத்தில் போனதும், "ஒண்ணுமில்ல ஆயி" என்றார். இத்தனை மாதம் கூப்பிடாததை எல்லாம் ஒரே நாளில் கூப்பிட்டுத் தீர்க்கிறார் என்று பெண்கள் கேலி பேசினார்கள்.

கால் வலிக்கிறது. கூப்பிட்டபோதெல்லாம் போனேன்.